மீதி 69 ஜிபி எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, "எனக்குத் தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றே தொடங்குகின்றன. படித்துப் பார்த்தால் பிழை பெரும்பாலும் எழுதியவருடையதாக இல்லை. கருவி ஏதோ ஒரு விதிப்படி நடந்திருக்கிறது. அந்த விதியை அது யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறது. ஆகவே மன்னிப்புகளை நீக்கிவிட்டுக் கேள்விகளை மட்டும் தந்திருக்கிறேன்.

அட்டைப்பெட்டியில் 1 டிபி என்று அச்சிட்டிருந்த வெளிவட்டு (எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்) ஒன்றை வாங்கினேன். கணினியில் இணைத்தால் 931 ஜிபி என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? மீதி 69 ஜிபியை மீட்க வழி உண்டா?

ஏமாறவில்லை. ஒரே நெல்லை இருவர் இரு வேறு படிகளால் அளந்ததால் வந்த வேறுபாடு இது. வட்டைச் செய்தவர் நூறு கோடி பைட்டுகளை ஒரு ஜிபி என்று கொள்கிறார். அந்தக் கணக்கில் ஒரு லட்சம் கோடி பைட்டுகள் உங்கள் வட்டில் குறைவின்றி இருக்கின்றன. விண்டோஸ் இயங்குதளமோ இரண்டை முப்பது முறை பெருக்கினால் வரும் எண்ணை, அதாவது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டுகளை, ஒரு ஜிபி என்று கொள்கிறது. பெரிய படியால் அளந்தால் படிகளின் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? கிலோவில் 2.4 விழுக்காடாக இருக்கும் இந்த வேறுபாடு, கிகாவில் 7 விழுக்காட்டைத் தாண்டி, டெராவில் 10 விழுக்காட்டை நெருங்கிவிடுகிறது.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் இரண்டின் அடுக்குகளுக்கென்று கிபிபைட், மெபிபைட் முதலான தனிப்பெயர்களை வகுத்தது. அவை மக்கள் வழக்கில் வேரூன்றவில்லை. தமிழில் எழுதும்போது நிலைமை இன்னும் வேடிக்கையானது: கிலோவுக்கு உரிய புதுப்பெயரும் (kibi) கிகாவுக்கு உரிய புதுப்பெயரும் (gibi) நம் எழுத்தில் ஒன்றுபோலவே 'கிபி' என்று வந்து நின்று, போதாக்குறைக்கு வரலாற்றுப் பாடத்தையும் நினைவூட்டும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகள் 2009 முதல் பத்தின் அடுக்குக் கணக்கைப் பின்பற்றுவதால், இதே வட்டை அங்கே இணைத்தால் ஏறத்தாழ 1 டிபி என்றே காட்டும்.

931 என்று காட்டும் வட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். நம்ப முடியாத மலிவு விலைக்குக் கிடைக்கும் 2 டிபி பென் டிரைவைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே சிறிய நினைவகத்தை வைத்துவிட்டு, பெரிய எண்ணைச் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியமைத்து விற்கும் போலிகள் உண்டு. உண்மையான கொள்ளளவைத் தாண்டி எழுதியதெல்லாம் அவற்றில் சத்தமில்லாமல் காணாமல் போகும். வாங்கியவுடன் வட்டை நிரப்பி, நிரப்பியவற்றைத் திரும்பப் படித்துப் பார்ப்பது ஒன்றே நம்பகமான சோதனை.

கணினி மந்தமானால் "அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்கிறார்கள். நான் ஒவ்வோர் இரவும் முறையாக அணைத்துத்தான் வைக்கிறேன். பலன் இல்லையே?

நீங்கள் அணைக்கிறீர்கள், கணினி முழுமையாக அணைவதில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி இருக்கிறது. அது செயல்பாட்டில் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தால், நீங்கள் திறந்து வைத்திருந்த செயலிகள் மூடப்படுமே தவிர, இயங்குதளத்தின் உட்கரு அன்றைய நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுத்து வைக்கப்படும். நேற்றைய சிக்கலும் அதனோடு எழுந்து வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டுமே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அணைப்பதைவிட மறுதொடக்கம் செய்வது ஆழமான ஓய்வு என்பது எந்த மனிதருக்கும் தானாகத் தோன்றக்கூடிய விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை. முழுமையாக அணைக்க வேண்டுமானால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' என்பதைச் சொடுக்குங்கள்.

கைப்பேசியில் இடம் போதவில்லை என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. படங்கள் எல்லாம் மேகச் சேமிப்பில் (கிளவுட்) ஏறிவிட்டன என்ற நம்பிக்கையில் கைப்பேசியிலிருந்து அழித்தேன். இப்போது இரண்டு இடங்களிலும் இல்லை. என் தாயாரின் கடைசி ஆண்டுப் படங்கள் அவற்றில் இருந்தன. என் அவசரப் புத்தியால் எல்லாம் போயிற்று.

விளக்கத்தைப் பிறகு படிக்கலாம். முதலில் எழுந்து சென்று அந்தச் செயலியின் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். கூகுள் போட்டோஸ் செயலியில், மேகத்தில் ஏற்றப்பட்ட படங்கள் அழித்த நாளிலிருந்து 60 நாள்கள் அங்கே இருக்கும். ஏற்றப்படாதவை 30 நாள்கள். ஐபோனில் 'ரீசென்ட்லி டெலீட்டட்' என்ற தொகுப்பில் 30 நாள்கள். அங்கே இருந்தால் ஒரே தொடுகையில் மீட்டுவிடலாம். இடம் பிடிக்கிறதே என்று அந்தத் தொட்டியை மட்டும் காலி செய்துவிடாதீர்கள்.

அங்கும் இல்லையென்றால் அடுத்து எங்கே தேடலாம் என்பது படங்கள் இருந்த இடத்தைப் பொறுத்தது. தனி நினைவக அட்டையில் இருந்தவை என்றால் நம்பிக்கை உண்டு. அட்டையில் ஒரு படத்தை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனே துடைக்கப்படுவதில்லை. அந்த இடம் காலி என்று பட்டியலில் குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அதன்மேல் புதியது எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். ஆகவே அந்த அட்டையில் இனி ஒரு படம்கூட எடுக்காமல் உடனே கழற்றி, போட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளால் கணினியில் துழாவலாம். மீட்டவற்றை அதே அட்டையில் சேமிக்கக் கூடாது. கைப்பேசியின் உள்நினைவகத்தில் மட்டும் இருந்தவை என்றால் கதை வேறு. இன்றைய கைப்பேசிகள் உள்நினைவகத்தைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து வைப்பதாலும், அழித்த பகுதிகளை விரைவில் துடைத்துவிடுவதாலும், மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் செயலிகளால் பெரும்பாலும் பயனில்லை. அதைவிட, அந்தப் படங்களை நீங்கள் வாட்ஸ்அப்பில் யார் யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று நினைவுகூர்ந்து, உறவினர்களின் கைப்பேசிகளில் தேடச் சொல்லுங்கள். தரம் சற்றுக் குறைந்திருக்கும், முகம் இருக்கும். பழைய கைப்பேசி ஒன்று எங்காவது மேசை இழுப்பறையில் கிடந்தால் அதையும் பாருங்கள். ஆனால் அதை இணையத்தில் இணைக்காமல் திறக்க வேண்டும். இணைத்தால் அழிக்கும் கட்டளை அங்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இனி உங்கள் 'அவசரப் புத்தி' பற்றி. ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. ஒத்திசைவு என்பது இரண்டு இடங்களையும் எப்போதும் ஒன்றுபோல் வைத்திருப்பது. இங்கே சேர்த்தால் அங்கே சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். காப்புப்படி என்பது இங்கே என்ன நேர்ந்தாலும் அங்கே அசையாமல் இருப்பது. இந்தச் செயலிகள் செய்வது முதலாவதை. தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதோ 'பேக்கப்' என்று. கைப்பேசியில் மட்டும் அழித்து மேகத்தில் விட்டுவைக்க, கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற தனிப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதைவிடக் கண்ணுக்கு நேராக நிற்கும் குப்பைத்தொட்டிப் படம் இரண்டு இடங்களிலும் அழிக்கிறது. இப்படி ஒரு வீட்டைக் கட்டியவரை விட்டுவிட்டுத் தடுக்கி விழுந்தவர் தம்மைக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. உண்மையான காப்புப்படி வேண்டுமென்றால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது படங்களை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கழற்றி வைத்த வட்டுக்கு எந்தக் கட்டளையும் போய்ச் சேராது.

மூன்றாண்டுப் பழைய கைப்பேசி 20 விழுக்காடு சார்ஜ் இருக்கும்போதே திடீரென அணைந்துவிடுகிறது. அண்மைய அப்டேட்டுக்குப் பிறகு மெதுவாகவும் ஆகிவிட்டது. புதியது வாங்கட்டும் என்று நிறுவனங்களே வேண்டுமென்று செய்கின்றனவா? இரவு முழுவதும் சார்ஜில் போட்டதுதான் காரணம் என்கிறான் மகன்.

மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றே: பேட்டரியின் மூப்பு. லித்தியம் அயனி பேட்டரி மூப்படையும்போது இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. ஒன்று, அது தாங்கும் மின்னூட்டம் குறைகிறது. மற்றொன்று அதிகம் பேசப்படாதது. அதன் உள்மின்தடை கூடுகிறது. கேமராவைத் திறப்பது போன்ற ஒரு கனமான வேலைக்குக் கைப்பேசி திடீரென நிறைய மின்னோட்டம் கேட்கும்போது, அந்தத் தடையால் மின்னழுத்தம் சரிந்து, தேவையான அளவுக்குக் கீழே போனதும் கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பானையில் தண்ணீர் இருக்கிறது, வாய் குறுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் 20 என்ற எண்ணும் ஒரு மதிப்பீடுதான். பேட்டரி மூப்படைய மூப்படைய அந்த மதிப்பீடும் தடுமாறும்.

நிறுவனங்களைப் பற்றிய உங்கள் ஐயம் முழுக் கற்பனையும் இல்லை. பழைய பேட்டரியுள்ள சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்திருப்பதை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மேலே சொன்ன திடீர் அணைவைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக அது விளக்கியது. பொறியியல் நோக்கில் அந்த விளக்கம் ஏற்கத்தக்கதுதான். ஆனால் பயனரிடம் தெளிவாகச் சொல்லாமல் செய்ததுதான் குற்றமாகிப்போயிற்று. பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் பழைய வேகம் திரும்பியிருக்கும் என்பது தெரியாமல் எத்தனையோ பேர் புதுக் கைப்பேசி வாங்கியிருப்பார்கள். பின்னர் தொடரப்பட்ட வழக்கில் 50 கோடி டாலர் வரை இழப்பீடு தர அந்நிறுவனம் 2020-இல் இணங்கியது. எனவே உங்கள் கைப்பேசிக்கும் என் பரிந்துரை, முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்பதே. அமைப்புகளில் பேட்டரி நலம் காட்டும் பக்கம் இருந்தால், அது 80 விழுக்காட்டுக்குக் கீழே என்று சொன்னால், தயங்கவே வேண்டாம். பின்மூடி உப்பியிருந்தால் இன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீ விபத்தில் முடியும்.

மகன் சொல்வது பாதி சரி. நிரம்பியதும் மின்னேற்றத்தை நிறுத்தும் சுற்று கைப்பேசிக்குள்ளேயே இருப்பதால், இரவெல்லாம் போட்டாலும் 'அளவுக்கு மீறி' ஏறாது. ஆனால் நூறு விழுக்காட்டில் நெடுநேரம் நிற்பதும், அப்போது சூடாக இருப்பதும் சேர்ந்தால் மூப்பு விரைவடையும். பல கைப்பேசிகளில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இப்போது வந்துவிட்டது. அதை இயக்கிவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்யும் பழக்கத்தை விட்டால் போதும். முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்ற அறிவுரை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்து மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த அறிவுரை ஓய்வுபெற மறுக்கிறது. இன்றைய பேட்டரிக்கு முழுதும் தீர்ந்துபோவதுதான் துன்பம்.

வீட்டில் ஆறு சி வகைக் கேபிள்கள் உள்ளன. எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. ஒன்றில் மடிக்கணினி சார்ஜ் ஆகிறது, ஒன்றில் ஆகவில்லை, ஒன்றில் கணினிக்குப் படங்கள் மாறவே மாட்டேன் என்கின்றன. ஏன்?

முனையின் வடிவம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. சாதாரணச் சி வகைக் கேபிள் 60 வாட் வரை சுமக்கும். 240 வாட் வரை சுமக்கக்கூடியவையும் உண்டு. 60 வாட்டுக்கு மேல் வேண்டுமானால் கேபிளுக்குள் தன் தகுதியைச் சொல்லும் சிறு சில்லு ஒன்று இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சார்ஜர் துணிந்து தராது. தரவு விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. நொடிக்கு 480 மெகாபிட்டோடு நிற்பவையும் 40 கிகாபிட்டை எட்டுபவையும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சார்ஜுக்கு மட்டும் செய்யப்பட்டவற்றில் தரவுக் கம்பியே இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைப்பேசிகளுக்குச் சி வகையைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால் துளைகள் ஒன்றாகிவிட்ட பிறகு வேறுபாடுகளெல்லாம் கேபிளுக்குள் போய் ஒளிந்துகொண்டன. நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு கேபிளையும் ஒருமுறை சோதித்து, 'மடிக்கணினி', 'தரவு', 'சார்ஜ் மட்டும்' என்று காகிதத் துண்டில் எழுதி ஒட்டிவிடுவேன்.

அலுவலகத்தில் 60 நாள்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். பழைய சொல்லின் இறுதியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டே வருகிறேன். இது குற்றமா?

உங்களைப் போலவே எல்லோரும் செய்கிறார்கள். திருடர்களுக்கும் அது தெரியும். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற வழக்கம் பரவியதற்கு, அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆவணம் ஒரு முக்கியக் காரணம். அதை எழுதிய பில் பர், தாம் சொன்னவற்றில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகவே கூறினார். அதே ஆண்டில் அந்நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலொழியக் கடவுச்சொல்லைக் காலந்தோறும் மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்றது. மைக்ரோசாஃப்டும் 2019-இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கிவிட்டது. உங்கள் அலுவலக நிர்வாகிக்கு இந்த இரண்டு செய்திகளையும் பணிவோடு அனுப்பி வைக்கலாம்.

நீளமும் தனித்தன்மையும்தான் முக்கியம். ஒரு கணக்கின் கடவுச்சொல் இன்னொன்றில் வரவே கூடாது. ஓரிடத்தில் கசிந்த சொல்லை நூறு இடங்களில் போட்டுப் பார்ப்பதுதான் இன்றைய திருட்டில் பெரும்பகுதி. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து எழுதினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். நம்மவர்கள் உடனே திருக்குறளின் முதல் அடியை ஆங்கில எழுத்தில் எழுதி மகிழ்வார்கள். வேண்டாம், அது உங்களுக்கு மட்டும் மனப்பாடமான அடி இல்லை. மற்ற கணக்குகளுக்கெல்லாம் கடவுச்சொல் மேலாளர் மென்பொருளே கடினமானவற்றை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சிட்ட என் கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு நிற்கிறது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணினி உண்மையில் சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அவை தமிழாகத் தெரியும். இல்லையென்றால் தம் பிறவி உருவைக் காட்டிவிடும். திஸ்கி என்ற மற்றொரு முறையில் எழுதியவை என்றால், ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்க, தமிழ் மேல்பாதி இடங்களில் அமர்ந்திருக்கும். அவை புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். சென்னையில் நடந்த 1999 தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த டேப், டேம் ஆகியவை வேறு முறைகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடில் 1991-இன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், இயங்குதளங்கள் அதைச் சரிவரக் காட்டத் தொடங்க ஆண்டுகள் பல ஆனதால், இடைப்பட்ட காலத்து எழுத்தாளர்களின் உழைப்பெல்லாம் இப்படிப் பல சட்டைகளில் சிதறிக் கிடக்கிறது.

செய்ய வேண்டியவை: கோப்பைத் திறந்து, உரையின் மேல் சுட்டியை வைத்து, எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். நோயைக் கண்டறிய அதுவே போதும். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் அந்த எழுத்துருவுக்கு உரிய முறையைத் தேர்ந்து யூனிகோடுக்கு மாற்றலாம். இரண்டு எச்சரிக்கைகள். பாமினி போன்றவற்றில் தமிழும் ஆங்கிலமும் ஒரே இடங்களைப் பகிர்வதால், கட்டுரைக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். அத்தகைய பத்திகளைத் தனியே எடுத்து மாற்றுங்கள். மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்; கொம்பும் காலும் இடம்மாறி வரும் பிழைகள் ஐம்பதாவது பக்கத்தில்தான் கண்ணில் படும். கையில் இருப்பது பிடிஎஃப் மட்டும் என்றால் படியெடுத்து ஒட்டுவதைவிட, பக்கங்களைப் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) வழியாகப் படிக்கவைப்பது பெரும்பாலும் தூய்மையான பிரதியைத் தரும்.

தமிழில் ஒரு சிறிய குறுஞ்செய்தி அனுப்பினால் இரண்டு, மூன்று செய்திகளுக்கான கணக்கு ஏறுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஆவதில்லையே?

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 7 பிட்டில் அடங்குவதால் அதில் 160 எழுத்துகள் போகும். தமிழ் எழுத்து ஒன்றேனும் இருந்தால் செய்தி முழுவதும் எழுத்துக்கு 2 பைட் என்ற கணக்குக்கு மாறி, 70 இடங்களே கிடைக்கும். நீண்டு பல துண்டுகளானால் துண்டுக்கு 67. அந்த இடங்களும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம் உண்டு. 'வணக்கம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து, கைப்பேசிக்கு ஏழு. நலம் கேட்டு முடிப்பதற்குள் முதல் செய்தி தீர்ந்துவிடும். இணையம் வழியாகச் செல்லும் செய்திச் செயலிகளில் இந்தக் கணக்கு இல்லை. குறுஞ்செய்தியே அனுப்ப வேண்டிய இடத்தில் மட்டும் சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்.